பேலட்டை அமுக்கினால் மாசானம்

மண்ணூரில் மாசானம் பேக்கிங் இண்டஸ்ட்ரீஸ் ஷெட்டுக்குள் யார் நுழைந்தாலும் முதல் தூணருகே கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். அந்தத் தூணில் மாசானத்தின் படம் மாலையோடு தொங்கியது. நிற்கச் சொல்லி போர்டு எதுவும் கிடையாது. ஆனால் வந்தவரைக் கூட்டிக்கொண்டு முன்னால் போகிற நம்பிராஜன், அந்த இடம் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடி நின்றுவிடுவான். பின்னால் வருகிறவர் என்ன செய்வார், அவரும் நிற்பார். லோடு ஏற்ற வந்த லாரி டிரைவர்கள் நின்றிருக்கிறார்கள். மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் நின்றிருக்கிறார். ஏதாவது குற்றம் கண்டுபிடித்தே தீருவது என்று வந்த ஓர் அதிகாரிகூட அங்கே நின்று கும்பிட்டுவிட்டு, மேற்கொண்டு கடுமையாகப் பேச மனம் வராமல் டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

மாசானம் நம்பிராஜனின் அண்ணன். களக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து, கம்பெனிகள் வெளியே தூக்கிப் போடும் பைன் மரப் பெட்டிகளை வாங்கி உடைத்து, அந்தப் பலகையில் பேலட் அடித்து விற்கத் தொடங்கியவர். பேலட் என்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. சரக்கை அடுக்கும் மரத்தட்டு. அடியில் ஃபோர்க்லிஃப்டின் இரண்டு கையும் நுழைய இடம் விட்டிருக்கும். ஆனால் கண்ணாடியோ கார் பாகமோ, இந்தப் பக்கத்தில் செய்கிற எதுவும் பேலட்டில் ஏறாமல் வெளியூர் போகாது. ஸ்டோர்ஸில் வேலை பார்த்தவர்களிடம் "பேலட் தீர்ந்துபோச்சு" என்றால் "மாசானத்தைக் கூப்பிடு" என்றுதான் பதில் வரும். அப்படி இருந்த மனிதர் ஓர் ஐப்பசியில் லாரி ஓரமாகச் சற்று உட்கார்ந்தார். நெஞ்சு கரிக்கிறது என்றார், சோடா கேட்டார், அத்தோடு சரி. அவருடைய பங்கு மனைவி கோமதியம்மாளுக்கு வந்தது. பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டதால் படப்பை வீட்டில் அவள் தனியாக இருந்தாள்.

அதற்கு இரண்டு வருடம் கழித்து, 2005இல், ஷெட்டுக்குச் சனி பிடித்தது. ஷெட்டின் மிகப் பெரிய வாடிக்கைக்காரர் பிளாஸ்டிக் பேலட்டுக்கு மாறினார். பிளாஸ்டிக் பேலட்டுக்கு ஆணி வேண்டாம், அதைக் கரையான் அரிக்காது, அதற்கு நம்பிராஜனும் வேண்டாம். ஷெட் நின்ற நிலத்தின் சொந்தக்காரர் யாக்கோபு ஒரு நாள் வந்து, தூணருகே முறைப்படி நின்றுவிட்டு, விஷயத்தைச் சொன்னார்.

"மார்கழியோட அக்ரிமெண்ட் முடியுது தம்பி. பிளாட் போடறவன் ஒருத்தன் டேப்பு வச்சி அளந்துகினு போயிருக்கான். ஷெட்ல வேல நடந்துகினு இருந்தா நான் ஏன் விக்கப் போறேன்? வேல நடக்கணும், அவ்ளோதான்."

வேலை நடக்க ஒரே வழிதான் இருந்தது. ஒரகடத்தில் புதிதாக ஒரு வெளிநாட்டுக் கம்பெனி எழும்பியிருந்தது. அதன் ஏற்றுமதிச் சரக்குக்குப் பேலட் போடும் ஆர்டர் கிடைத்தால் ஷெட் பிழைக்கும். கிடைக்காவிட்டால் தைப் பொங்கலுக்கு அந்த இடத்தில் கல் நட்டு நம்பர் எழுதிவிடுவார்கள். இதைக் கோமதியம்மாளிடம் நம்பிராஜன் சொல்லவில்லை. அவள் பட்டதே போதும் என்று நினைத்தான்.

ஒரகடம் கம்பெனியின் கேட்டுக்கு அவன் நடையாய் நடந்தான். செக்யூரிட்டி ஒவ்வொரு முறையும் "வெண்டர் கோடு இருக்கா?" என்று கேட்டார். வெண்டர் கோடு என்பது சரக்குப் போடுகிறவருக்குக் கம்பெனி கொடுக்கும் எண். அதை ஆர்டர் வாங்கியவருக்குத்தான் கொடுப்பார்கள். வெண்டர் கோடு இருப்பவரைத்தான் உள்ளே விடுவார்கள். உள்ளே போய்ப் பேசினால்தான் ஆர்டர். இந்த ஏற்பாட்டில் தப்புக் கண்டுபிடிக்க முடியாமல் நம்பிராஜன் வெயிலில் நிற்பதைப் பார்த்து, கடைசியில் செக்யூரிட்டிக்கே மனசு இளகியது.

"இப்பல்லாம் நெட்ல தேடித்தான் சார் கூப்பிடறாங்க. உங்களுக்கு வெப்சைட்டு கீதா?"

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரத்னா என்ற பெண் ஒரு ப்ரௌசிங் சென்டர் வைத்திருந்தாள். முன்பு கம்ப்யூட்டர் வகுப்பு எடுத்தவள், வெப்சைட்டும் செய்து கொடுப்பாள். நம்பிராஜன் போய் உட்கார்ந்ததும் அவள் விளக்கினாள்.

"வெறும் சைட் போட்டா பத்தாது சார். உள்ள கீற பக்கங்க ஒண்ணுக்கொண்ணு லிங்க் ஆவணும். அந்த லிங்க்ல இன்னா வார்த்தை எழுதறோம்ன்றதுதான் மேட்டரு. நெறைய பேரு 'இங்கே அமுக்கவும்'னு போட்டுடறாங்க. அத்த வச்சி கூகுளுக்கு இன்னா புரியும்? ஷேர் ஆட்டோக்காரன் 'ஏறு ஏறு'ன்னு மட்டும் கத்துனா நீங்க ஏறுவீங்களா? 'படப்பை படப்பை'ன்னு கத்துனாதான ஏறுவீங்க?"

"ஆமா."

"அதான். 'மரப் பேலட்'னு எழுதி லிங்க் குடுத்தா, போய்ச் சேர்ற பக்கம் மரப் பேலட் பத்தினதுன்னு அது தெரிஞ்சிக்கும். எந்தப் பக்கத்துக்கு நெறைய லிங்க் போவுதோ அந்தப் பக்கம்தான் வூட்டுக்குப் பெரியவர்னு நெனச்சிக்கும். யாராச்சும் தேடுனா அத்தத்தான் மொதல்ல காட்டும்."

நம்பிராஜன் மக்கு இல்லை. அவள் சொன்னது அத்தனையும் அவனுக்குப் புரிந்தது. வீட்டுக்குப் பெரியவர் யார் என்பதில் மட்டும் அவனுக்கு ஏற்கெனவே ஒரு முடிவு இருந்தது.

"அப்ப எல்லா லிங்க்கும் அண்ணன் பக்கத்துக்குத்தான் போகணும்."

"எந்த லிங்க்கு சார்?"

"எல்லாம். பேலட்டுன்னு எங்க வந்தாலும் அதை அமுக்கினா அண்ணன் வரணும். பெட்டின்னு வந்தாலும் அண்ணன். பூச்சி அரிக்காம மரத்தைச் சூடு காட்டுறதுன்னு வந்தாலும் அண்ணன்தான்."

"பேலட்டுன்னு அமுக்கினவனுக்குப் பேலட்டு வேணாமா சார்?"

"வேணும்லா. அண்ணனைப் பாத்துட்டு அங்கேயிருந்து போவான். ஷெட்டுக்கு வாரவன் எல்லாம் அப்படித்தான போறான்?"

"கூகுள் உங்க அண்ணனையே பேலட்டுன்னு நெனச்சிக்கும் சார்."

"நெனச்சிக்கிடட்டும். ஊரே அப்படித்தான நெனச்சுது."

ரத்னா இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது தரம் சொல்ல அவளுக்கு என்ன தலையெழுத்தா? கேட்டபடியே செய்து கொடுத்தாள். பேலட் பக்கம், பெட்டிப் பக்கம், மரத்தைச் சூடுகாட்டும் பக்கம் எல்லாவற்றிலும் அடிக்கோடு போட்ட வார்த்தைகள் இருந்தன. எதை அமுக்கினாலும் மாசானம் வந்தார்.

அந்தப் பக்கத்துக்கு வேண்டிய விவரத்தைக் கோமதியம்மாளே நேரில் வந்து கொடுத்தாள். மாலை போட்ட படத்தை அவள் கொண்டுவரவில்லை. காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு அறுக்கிற மெஷின் பக்கத்தில் மாசானம் சிரித்தபடி நிற்கும் படத்தைக் கொடுத்தாள். கீழே பெயர், உரிமையாளர் என்ற சொல், அவருடைய செல் நம்பர். காலமான தேதி போட வேண்டாமா என்று ரத்னா கேட்டாள்.

"பேலட்டு வாங்க வாரவனுக்கு அது எதுக்கும்மா?" என்றாள் கோமதியம்மாள்.

நம்பிராஜன் செல் நம்பரைப் பார்த்தான். அண்ணனோடு அந்த நம்பரும் போயிருக்கும் என்றுதான் அவன் நினைத்திருந்தான். ஒரு தரம் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அதைத்தான் அவனால் செய்ய முடியவில்லை. அந்த நம்பரைப் போட்டு, வேறு யாரோ ஒரு பெண் குரல் இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று சொல்வதைக் கேட்க அவனுக்குப் பயமாக இருந்தது. மதினி எழுதிக் கொடுத்தது அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

ஆவணி பிறந்ததும் நல்ல நேரம் பார்த்து வெப்சைட்டைத் திறந்தார்கள். மானிட்டருக்கு முன்னால் இடம் இல்லாததால் சூடத்தைச் சிபியுவுக்குக் காட்டினார்கள். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் கோமதியம்மாள் பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூருக்கு வந்துவிடுவாள். ரத்னா காட்டும் மெஷினில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகத் திறப்பாள், ஒவ்வொரு வார்த்தையாக அமுக்குவாள். ஒவ்வொரு முறையும் புருஷன் வந்து நிற்கிறாரா என்று பார்த்துக்கொண்டு அடுத்த வார்த்தைக்குப் போவாள். அவளை விட ஒழுங்காக அந்த சைட்டைப் பார்த்தவர்கள் கிடையாது. ரத்னா அவளிடம் காசு வாங்குவதில்லை.

ஆவணி போனது, புரட்டாசி போனது, ஐப்பசியும் போனது. ஷெட்டு ஆபீஸில் போன் மணி அடிக்கவில்லை. அடித்தபோதெல்லாம் கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கேட்டார்கள். கார்த்திகை பிறந்ததும் நம்பிராஜன் ரத்னாவிடம் போய்ச் சண்டை பிடித்தான்.

"ஒரு கழுதையும் கூப்பிடலம்மா. உன் கூகுளு வேலை செய்யுதா இல்லையா?"

ரத்னா ஸ்ரீபெரும்புதூர் மரப் பேலட் என்று ஆங்கிலத்தில் அடித்துத் தேடினாள். திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

"பாருங்க. பக்கத்துல மொதல் ஆளா உங்க அண்ணன்தான் கீறாரு."

நம்பிராஜன் பார்த்தான். உண்மைதான். பெரிய பெரிய கம்பெனிகளுக்கெல்லாம் மேலே, முதல் வரியில், எஸ். மாசானம் என்று இருந்தது. அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. "வந்துட்டாம்லா," என்றான். "எங்கண்ணன் மொத ஆளா வந்துட்டான்." அவன் கண்ணைத் துடைத்து முடிக்கும் வரை ரத்னா காத்திருந்தாள்.

"வந்துட்டாரு சார். ஆனா உங்க பேலட் பக்கம் மூணாவது பக்கத்துலயும் இல்ல. எல்லா ரூட்டும் அவராண்டதான் போவுது. உள்ள வர்றவன் படத்தப் பாக்கறான், வெல இல்ல, சைசு இல்ல. அந்தச் செல் நம்பராவது வேல செய்யுதா?"

"அது எப்பவோ போயிருக்கும்."

"அப்ப இன்னா சார் பண்ணுவான் அவன்? பேலட்டுன்ற வார்த்தைய பேலட் பக்கத்துக்குக் குடுங்க, அங்கதான் வெல, சைசு, ஆபீஸ் போன் நம்பர் எல்லாம் கீது. பெட்டிய பெட்டிப் பக்கத்துக்குக் குடுங்க. அண்ணனுக்குக் கடைசில 'எங்கள் நிறுவனர்'னு ஒரே ஒரு லிங்க். மரியாதையா இருக்கும்."

மார்கழிக்கு அதிக நாள் இல்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு நம்பிராஜன் சம்மதித்தான். ரத்னா மாற்றும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு லிங்க்கை எடுத்து வேறு பக்கம் திருப்பும்போதும் "மன்னிச்சிரு அண்ணே" என்று முணுமுணுத்தான். ரத்னாவுக்கு வேலை ஓடவில்லை. எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிட்டு, ஒரே ஒரு மன்னிப்பாகக் கேட்டுக்கொள்ளும்படி சொன்னாள்.

அதற்கப்புறம்தான் அவனுக்கு வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. மதினி வருவாள், பேலட்டை அமுக்குவாள், பேலட் வரும். அவள் முகத்தை அவன் நினைத்துப் பார்த்தான்.

"பழசை எடுத்து ஒரு மெஷின்ல மட்டும் வச்சிர முடியாதாம்மா?"

ரத்னா அவனை ஒரு மாதிரி பார்த்தாள். முடியும் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது, ஏனென்றால் முடியும். மூலையில் இருந்த நாலாம் நம்பர் மெஷினில் பழைய சைட்டின் பிரதி ஏறியது. அந்த வெள்ளியிலிருந்து கோமதியம்மாளுக்கு நாலாம் நம்பர் என்று ஆனது. உலகம் முழுக்கப் பேலட்டை அமுக்கினால் பேலட் வந்தது. நாலாம் நம்பரில் மட்டும் மாசானம் வந்தார்.

பேலட் பக்கம் மெல்ல மேலே ஏறியது. மார்கழிப் பனியில் ஒரு நாள் ஆபீஸ் போன் அடித்தது. வல்லம் வடகாலில் ஒரு சின்னக் கண்ணாடிக் கம்பெனியில் பர்சேஸ் பார்க்கும் இளம்பரிதி பேசினார். நேரிலேயே வருகிறேன் என்றார், வந்தார். நம்பிராஜன் வழக்கம்போல் முன்னால் நடந்து தூணருகே செருப்பைக் கழற்றினான். இளம்பரிதியும் நின்றார். படத்தைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார்.

"இவரு மாசானம் சார்தானே? எப்ப சார்?"

"ரெண்டு வருசமாச்சு."

"ரெண்டு வருஷமா?" இளம்பரிதி ஓரடி பின்னால் நகர்ந்தார். "இன்னா சார் சொல்றீங்க? போன மாசம் நான் அவரு நம்பருக்குப் போன் போட்டனே. ஒரு அம்மா எடுத்து, வெளிய போயிருக்காரு, சாயங்காலம் வந்துடுவாருன்னாங்க. சாயங்காலம் பண்ணா, காலையில பாருங்கன்னாங்க. ரொம்ப நாள் பாத்துட்டு பெரிய ஆர்டர வேற ஆளுக்குக் குடுத்துட்டோம் சார். இப்ப சில்லறை வேலைக்குத்தான் வந்தேன்."

நம்பிராஜன் அவருக்கு டீ சொன்னான், சில்லறை வேலையைக் குறித்துக்கொண்டான், கேட் வரை போய் வழியனுப்பினான். அப்புறம் வண்டியை எடுத்துக்கொண்டு படப்பைக்குப் புறப்பட்டான். அவனுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கையில் வெண்ணெய் இருந்திருக்கிறது, நெய்க்கு ஒரகடம் கேட்டில் அலைந்திருக்கிறோம். என்னென்ன கேட்க வேண்டும் என்று வழி முழுக்க வரிசைப்படுத்திக்கொண்டு போனான். ஒரகடம் கம்பெனியைத் தாண்டும்போது அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

கோமதியம்மாள் கதவைத் திறந்தாள். "வா தம்பி, சாப்பிட்டியா?" என்றாள். டி.வி.யின் மேல் விரித்திருந்த பூத்துணியில் அண்ணனின் செல் சார்ஜில் கிடந்தது. ஓரத்தில் உடைந்து, அண்ணன் பசை போட்டு ஒட்டிய அதே செல்தான். பச்சை விளக்கு மினுங்கியது. அதைப் பார்த்ததும் வரிசைப்படுத்தியதெல்லாம் அவனுக்குக் கலைந்துபோனது.

"இது ஓடுதா மதினி?"

"ஓடாம? மாசா மாசம் ரீசார்ஜ் கார்டு போடுதேன்லா."

"போன் வந்துதா?"

கோமதியம்மாளின் முகம் மலர்ந்தது. "அத ஏன் கேக்க! ரெண்டு வருசமா ஒரு நாதி கூப்பிடல. ஆவணிக்குப் பொறவு ஒரு நா அடிச்சுது. எடுத்தா, 'மாசானம் சார் இருக்காரா'ன்னு கேக்கான். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. வெளிய போயிருக்காவன்னுட்டேன். வாயில அதான் வந்துது. பொறவு வந்தவன்ட்ட எல்லாம் அதையேதான் சொன்னேன். ஆளுக்கு ஒண்ணு சொன்னா தப்புல்லா."

"என்ன வேணும்னு கேட்டியளா?"

"கேட்டேன். பேலட்டுன்னாங்க."

"என் நம்பரைக் குடுத்திருக்கலாம்லா மதினி!" அவன் குரல் உயர்ந்துவிட்டது. "ஷெட்டு போகப் போகுது. மார்கழி முடிஞ்சா யாக்கோபு வித்துருவாரு. ஒரு ஆர்டருக்கு நான் நாயா அலையுதேன்."

"நீ ஒண்ணும் சொல்லலியே தம்பி."

"உங்களைக் கஷ்டப்படுத்த வேண்டாம்னுதான்." அவன் உட்கார்ந்தான். "என் நம்பரைக் குடுக்கதுக்கு என்ன?"

"ஏன் தம்பிட்ட பேசணும், அவருக்கு என்னன்னு கேப்பாம்லா. அப்ப நான் சொல்லணும்லா."

அவள் அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"இப்ப ஒரு மாசமா புதுசா யாரும் கூப்பிடல. வெள்ளிக்கிழமை போய்ப் பாத்தேன். எல்லாம் அப்படியேதான் இருக்கு. பேலட்ட அமுக்கினா அவியதான் வாராவ, பெட்டிய அமுக்கினாலும் அவியதான் வாராவ. பொறவு ஏன் யாரும் கேக்க மாட்டேங்கான்?"

நாலாம் நம்பர் மெஷினைப் பற்றி அவன் சொன்னான். தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னான்.

"எனக்குன்னு தனியா ஒண்ணு வச்சிருந்தியளா?"

"ஆமா மதினி."

"அதான் அந்தப் பிள்ள காசு வாங்க மாட்டேங்குதோ," என்றாள். கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. "சரி விடு. நானும் பொய்தான் சொல்லியிருக்கேன், நீயும் பொய்தான் சொல்லியிருக்க. ஒரு பையன் மட்டும் இன்னும் விடாம கூப்பிடுதான். முன்னாலயே நம்பரக் குறிச்சு வச்சிருக்கான் போல. அறிவுமதின்னு பேரு. ஒரகடத்துல புதுசா ஏதோ வெளிநாட்டுக் கம்பெனியாம்."

நம்பிராஜன் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தான்.

"மூணு பேர்ட்ட ரேட்டு வாங்கினாத்தான் மேல உள்ளவன் கையெழுத்துப் போடுவானாம். ரெண்டு பேர்ட்ட வாங்கிட்டானாம். மூணாவதுக்கு இந்தப் பக்கம் வேற ஆள் இல்ல. அதான் இவியளுக்காகக் காத்துக் கெடக்கான். யாரு கம்மியாச் சொல்லுதாவளோ அவங்களுக்குத்தான் குடுப்பாவளாம். டூட்டி முடிஞ்சு கம்பெனி பஸ்ல ஏறினதும் கூப்பிடுவான். இப்ப வர்ற நேரந்தான்."

"தினமுமா கூப்பிடுதான்?"

"தினமும். நல்ல பிள்ள. ஒரு நா அவன்ட்ட மட்டும் வாய் தவறி, நெஞ்சு வலின்னு படுத்திருக்காவன்னு சொல்லிட்டேன். மறுநா மொத வேலையா, 'டாக்டர்கிட்ட காட்னீங்களாம்மா? வாயுன்னு சொல்லிக்கினு சும்மா வுட்டுடாதீங்க'ன்னான். நம்மள்ல யாரும் அன்னைக்கு அதச் சொல்லலியே தம்பி."

யாரும் சொல்லவில்லை. சோடா வாங்கப் போனதே நம்பிராஜன்தான். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

செல் அடித்தது. நம்பிராஜனின் கை தானாக நீண்டது. ரேட்டு, சைஸ், எத்தனை நாளில் கொடுக்க முடியும், எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. ஆறு மாதமாக அவன் தவம் கிடந்த கம்பெனி அந்த டி.வி.யின் மேல் கிடந்து அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் கோமதியம்மாளின் முகத்தைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டான்.

"நீங்களே எடுங்க மதினி."

அவள் எடுத்தாள். பஸ் இரைச்சலுக்கு நடுவே அந்தப் பையனின் குரல் நம்பிராஜனுக்கும் கேட்டது. "அம்மா, நான்தான் அறிவுமதி. சார் வந்துட்டாராம்மா?"

அவள் நம்பிராஜனைப் பார்த்தாள். அவன் எந்தச் சைகையும் காட்டவில்லை. அவள் சொல்லிவிடுவாளோ என்றும் பயமாக இருந்தது, சொல்லாமல் விட்டுவிடுவாளோ என்றும் பயமாக இருந்தது.

"வரலப்பா," என்றாள். பிறகு, "வரமாட்டாவ. அவிய இறந்துட்டாவ" என்றாள்.

அந்தப் பக்கம் பஸ் இரைச்சல் மட்டும் கேட்டது.

"இன்னைக்கு இல்லப்பா, பதறாத. ரெண்டு வருசமாச்சு. நான்தான் உன்ட்ட தினமும் பொய் சொல்லிட்டேன். நெஞ்சு வலின்னு சொன்னேன்லா, அது மட்டும் பொய் இல்ல. டாக்டர்ட்ட காட்டல. நீ சொன்ன மாதிரி காட்டியிருக்கணும்." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவிய தம்பி இங்க இருக்கான். இப்ப பேலட்டு எல்லாம் அவன்தான் போடுதான். நல்லாப் போடுவான். பேசு."

நம்பிராஜன் செல்லை வாங்கிக் காதில் வைத்தான். நாக்கு நுனியில் இருந்ததில் ஒன்றுகூட வரவில்லை. அந்தப் பக்கம் பையன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"சார், நாளைக்குக் காலையில கொட்டேஷன் எடுத்துக்கினு வாங்க சார். கேட்ல என் பேரச் சொல்லுங்க, உள்ள வுடுவாங்க. அம்மாவப் பாத்துக்குங்க சார்."

"சரி தம்பி," என்றான் நம்பிராஜன்.

கோமதியம்மாள் செல்லைத் திரும்ப வாங்கி, அது அணைந்துவிட்டதா என்று பார்த்தாள்.

"என்ன சொன்னான்?"

"காலையில வரச் சொன்னான் மதினி."

"இனி இந்த நம்பருக்குக் கூப்பிட மாட்டாம்லா?"

ஏதாவது சமாதானம் சொல்லலாமா என்று நம்பிராஜன் யோசித்தான். இதுவரை பேசிய பொய் போதும் என்று பட்டது.

"மாட்டான் மதினி."

அவள் தலையை ஆட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். போனவள் நிலைப்படியில் நின்று திரும்பினாள்.

"ரேட்டைப் பாத்துச் சொல்லு தம்பி. அந்தப் பையன்ட்ட கூட்டிக் கேக்காத. உங்க அண்ணாச்சி வந்தாவளா, சாப்பிட்டாவளா, எப்படி இருக்காவன்னு இத்தன நாளும் அவன் ஒருத்தன்தான் கேட்டான்."

"சரி மதினி," என்றான் நம்பிராஜன். அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.